மேற்படி நான்கு நிமிடங்கள்

இரண்டு மணிக்கு அடித்த மணி ஓய்ந்து, நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் வினாத்தாளைப் புரட்டிய சத்தமும் அடங்கியபோது, இனி மூன்று மணி நேரத்துக்கு யாரும் தன்னிடம் பேச மாட்டார்கள் என்றுதான் சகாயராணிக்கு முதலில் தோன்றியது. வீட்டிலும் அப்படித்தானே, இதில் என்ன புதுசு என்று அடுத்தாற்போல் தோன்றியது. செல்போனை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், புத்தகம் கூடாது, உட்காரலாம், ஆனால் உட்கார்ந்த நிமிடம் பார்த்துத்தான் பறக்கும் படை உள்ளே நுழையும், அது அவளுடைய இருபத்தாறு வருட அனுபவம். எனவே நடந்தாள். ஜன்னலோரம் முழுக்க ஆங்கிலத்துறையில் புதிதாகச் சேர்ந்த பெண் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு, கதவுப் பக்கத்து மூன்று வரிசைகள் இவளுக்கு. ஏப்ரல் மாதத்துத் திருச்சி வெயில் கதவு வழியாக ஒரு பாய் அகலத்துக்கு உள்ளே வந்து கிடந்தது, அதைத் தாண்டிப் போய்த் திரும்பும்போதெல்லாம் மூன்றாம் வரிசை நான்காவது பெஞ்சில் அந்தப் பெண்ணின் பிடரி கண்ணில் பட்டது, படும் என்று தெரிந்தும் பட்டது. மோனிஷா. முதலாமாண்டு வரலாறு. கூடைப்பந்து அணியில் பதினைந்தாம் எண். இன்று பொதுத்தமிழ்த் தேர்வு, அவள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள், அவளுடைய தலையெழுத்து என்னவோ மேடைமேல் கிடக்கும் இவளுடைய கைப்பைக்குள் ஒரு நீளமான கவரில் இருக்கிறது. ஐந்தேகாலுக்கு அதைக் கொண்டுபோய் விளையாட்டுத் துறை பி.டி. மேடத்திடம் கொடுக்க வேண்டும். மைனஸ் இரண்டு. எத்தனை தடவை மனசுக்குள் சொன்னாலும் மைனஸ் இரண்டுதான்.

போன ஜூனில் ஆரம்பித்த வேலை இது. ஒவ்வொரு ஏப்ரலிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த முதலாமாண்டுப் பிள்ளைகளில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதில் அடிதடி ஆகாத குறையாக ஒரு சண்டை வரும், வட்டச் செயலாளர் வீட்டிலிருந்து போன் வரும், யாரோ ஒருத்தி அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். நம் கல்லூரியில் புள்ளியியல் துறை என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு இருக்கிறது என்று முதல்வர் அம்மா கூட்டத்தில் கேட்டபோது துறையிலிருந்த எல்லோரும் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியை ஆராய்ந்தார்கள், சகாயராணி மட்டும் கையைத் தூக்கினாள். கல்லூரிமேல் உள்ள பற்று என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள், நினைத்துக்கொள்ளட்டும். நாலரை மணிக்குப் பிறகு போக ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கணவன் அருளப்பன் இறந்து ஆறு வருடம், மகள் செரின் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போய் மூன்று வருடம், வீட்டில் ஒரு குக்கர் சத்தம் போடும், அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும். ஆடுகளத்தில் என்றால் விசில், சிரிப்பு, திட்டு, பந்து தரையில் அடிபடும் சத்தம். காலரியின் மேல் படியில் நீள நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் இருட்டும்வரை யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். யார் எத்தனை புள்ளி போட்டாள் என்பதை ஸ்கோர் ஷீட்டே சொல்லிவிடும், அதற்கு இவள் எதற்கு? ஒருத்தி உள்ளே இருக்கும் நேரத்தில் நம் அணி எத்தனை எடுத்தது, எதிரணி எத்தனை எடுத்தது, கழித்தால் வருவது அவளுடைய ப்ளஸ் மைனஸ். பந்தையே தொடாமல், நிற்க வேண்டிய இடத்தில் நின்று மறித்தே ஆட்டத்தைத் திருப்புகிறவளையும் அது காட்டிக்கொடுத்துவிடும். கூட ஆடிய நால்வரும் எதிரே ஆடிய ஐவரும் எப்பேர்ப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துத் திருத்தினால் எண் இன்னும் நியாயமாகும். அதற்கு ஒவ்வொரு நிமிடமும் களத்தில் நிற்கும் ஐந்து ஜெர்சி எண்களையும் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும், உள்ளே வந்தவளையாவது ஸ்கோர் ஷீட்டில் குறிப்பார்கள், எப்போது வெளியே போனாள் என்று எந்த ஷீட்டிலும் கிடையாது. எழுதினாள். முப்பத்தோரு ஆட்டம், முப்பத்தோரு ஆட்டத்துக்கும் நிமிடம் நிமிடமாக. பிள்ளைகள் அவளுக்கு ப்ளஸ் மைனஸ் மேம் என்று பெயர் வைத்திருந்தது தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, பெயர் வைக்கும் அளவுக்காவது அவளைக் கவனித்திருக்கிறார்களே.

முதலாமாண்டுப் பிள்ளைகளைக் கணிப்பதுதான் பெரும்பாடு. பாவம், அவர்களை ஆடவே விட மாட்டார்கள். ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு மூன்று நிமிடம், யாருக்காவது கால் பிசகினால் ஐந்து நிமிடம், உள்ளே போனாலும் கூடைக்குக் கீழேயே நின்றாலும் தானாகப் போடாமல் அக்காக்களுக்குத் தள்ளிவிட வேண்டும், அது எழுதாத சட்டம். அந்தச் சொற்ப நிமிடத்தை நம்பி ஒருத்தியை நல்லவள் என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. எனவே அவளுடைய எண்ணைப் பிடித்து எல்லோருடைய சராசரிக்கும் பக்கத்தில் இழுத்து வைக்க வேண்டும், ஆட ஆடத்தான் அது அவளுடைய சொந்த எண்ணாகும். வகுப்பில் இதை நடத்தும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இங்கே நடந்துகொண்டே யோசிக்கும்போது, தன்னை யாராவது கணிக்க வந்தால் என்ன செய்வார்கள் என்று தோன்றியது. எதிர்வீட்டம்மாள் காலையில் கேட்டருகே பார்ப்பது ஒரு நிமிடம், துறையில் வருகைப் பதிவேடு கையெழுத்துக்கு அரை நிமிடம், செரின் ஞாயிற்றுக்கிழமை பேசுவது எட்டு ஒன்பது நிமிடம், அதிலும் வீடியோ உறைந்து நிற்பது போக ஆறு. இவ்வளவுதான் தகவல். இதை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் அவளை ஐம்பத்தோரு வயது விதவைகளின் சராசரியில்தான் கொண்டுபோய் வைக்கும். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு வருடம் முழுக்க நான்கு பெண்களை அவள் பார்த்திருக்கிறாள், அவர்களில் மூன்று பேர் பிரச்சினையே இல்லை, ப்ளஸ் பதினொன்று, ப்ளஸ் பதினான்கு, ப்ளஸ் இருபது. நான்காவது இந்த மோனிஷா. ஃப்ரீ த்ரோ போடும் முன் இடது முழங்காலை ஒரு தட்டுத் தட்டிக்கொள்வாள், தப்பு செய்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பாள், தலைமுடியை இரண்டு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவாள், இவ்வளவும் சகாயராணிக்குத் தெரியும், அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

பூஜ்யத்துக்குக் கீழே போனால் வேண்டாம் என்று கோடு கிழித்தது பி.டி. மேடம். அங்கயற்கண்ணி என்று பெயர், பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர், இவ்வளவு காலம் கண்ணால் பார்த்தே ஆள் எடுத்த தன்னிடம் எண்ணைக் கொண்டுவந்து நீட்டுகிறார்களே என்று முதலில் முகம் கொடுக்கவில்லை, பிறகு சிபாரிசு போன்களுக்குப் பதில் சொல்ல எண் வசதியாக இருப்பதைக் கண்டு சம்மதித்துவிட்டார். கோட்டுக்குக் கீழே போனால் விடுதி இடம் போகும். மோனிஷாவின் விண்ணப்பத்தைச் சகாயராணி பார்த்திருக்கிறாள், அரவக்குறிச்சிக்கும் உள்ளே ஏதோ ஊர், அங்கிருந்து காலை வகுப்புக்கு வந்து சேர எந்த பஸ்ஸும் கிடையாது. விடுதி போனால் கல்லூரி போயிற்று. சரி, ஆடத் தெரியாவிட்டால் என்ன செய்வது, எண் பொய் சொல்லாது என்று நினைத்துக்கொண்டு கதவுவரை நடந்தாள், வெயிலில் கால் வைத்ததும் அந்த நினைப்பு அப்படியே நின்றுவிட்டது. எண் பொய் சொல்லாது, எழுதுகிறவள்?

அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை, நம் களத்தில்தான் மண்டலப் போட்டி. மூன்றாம் குவார்ட்டர் முடிய நான்கு நிமிடம், முப்பத்தொன்று முப்பத்துநான்கு, மூன்று புள்ளிதான் பின்தங்கல், களத்தில் நான்கு, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதினைந்து. வழக்கமாகப் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுகிற செரின் அன்று பதினொன்றரைக்கே கூப்பிட்டாள். சத்தத்தில் கேட்காதே என்று படியிறங்கி, காலரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். அம்மா, டிசம்பர்ல வர முடியாதும்மா, கிறிஸ்மஸுக்குப் பிள்ளைங்க இருக்கறவங்களுக்குத்தான் லீவு, எனக்கு ஷிஃப்ட் போட்டுட்டாங்க. கோவமாம்மா? இல்லடா. நிஜமாவே கோவம் இல்லையே? இல்லடா, எனக்கென்ன கோவம், நீ சாப்பிட்டியா? மூன்று வருடத்தில் மூன்றாவது டிசம்பர். போனை வைத்ததும் தொட்டியின் சூடான சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள், வாயைப் புடவைத் தலைப்பால் அடைத்துக்கொண்டு, அருளப்பன் இறந்தபோதுகூட அப்படி அழுததில்லை, அப்போது அழுவதற்குப் பக்கத்தில் ஆள் இருந்தது. முகம் கழுவித் திரும்பி வந்தால் குவார்ட்டர் முடிந்து பிள்ளைகளெல்லாம் மேடத்தைச் சுற்றிக் கும்பலாக நிற்கிறார்கள், பலகையில் முப்பத்தொன்று நாற்பத்தைந்து. பதினொரு புள்ளி போய்விட்டது. நோட்டில் நான்கு கட்டம் காலி. பக்கத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்பார்கள், கண் சிவந்திருக்கிறதே என்பார்கள். பேனாவை எடுத்து, முன் நிமிடத்தில் இருந்த அதே ஐந்து பேர்தான் தொடர்ந்தார்கள் என்று எழுதினாள். மேற்படி. மேற்படி. மேற்படி. மேற்படி. நிறுத்தி நிதானமாக, நல்ல கையெழுத்தில். போன வருடம் ஒரு முதுகலைப் பெண்ணின் ஆய்வேட்டை இதே குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பியவள் அவள், தெரியாததைத் தெரியாது என்று எழுது, முந்தினதைக் கொண்டுவந்து ஒட்டாதே என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி. அந்த நான்கு நிமிடத்தை எடுத்துவிட்டால் மற்ற மூன்று பேரும் கோட்டுக்கு மேலேயே இருப்பார்கள், யார் தலையில் விழுந்தாலும் தாங்குவார்கள். மோனிஷா மட்டும், சராசரிப் பக்கம் இழுத்தது போக, ப்ளஸ் மூன்று ஆவாள். இதை முந்தாநாள் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, ஏன் போட்டோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் கணினியை மூடினாள்.

கை ஒன்று உயர்ந்தது. மூன்றாம் வரிசை நான்காவது பெஞ்ச். சகாயராணி அடிஷனல் ஷீட் கட்டை எடுத்துக்கொண்டு போனாள், போகிற எட்டு அடியில் இப்போதே குனிந்து கேட்டுவிடலாம் என்று தோன்றியது, ஒரே ஒரு கேள்வி, நீ உள்ளே இருந்தாயா வெளியே இருந்தாயா. தேர்வு அறையில் மாணவியிடம் காதோடு பேசினால் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை, ஜன்னலோரப் பெண் ஏற்கெனவே இந்தப் பக்கம் பார்க்கிறாள். பதிவெண்ணைச் சரிபார்த்தாள், கையெழுத்திட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது, நீல மை படிந்த விரல் ஷீட்டை வாங்கிக்கொண்டது. திரும்பி நடக்கும்போதுதான் கேட்காமல் விட்டது நல்லதுக்கே என்று பட்டது. கேட்டு என்ன ஆகப்போகிறது? யாரை அனுப்புவது என்று லிஸ்ட் போவது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், அணி அடி வாங்கிய நேரத்தில் நீ உள்ளே இருந்தாயா என்றால் எந்தப் பிள்ளையும் இல்லை மேம் என்றுதான் சொல்லும், இவளாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வாள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு மேடத்தின் முன் போய் நின்றால் மேடம் சிரிப்பார். மேடத்துக்கே அந்த ஆட்டத்தில் யாரை எப்போது மாற்றினோம் என்று நினைவிருக்காது, ஒரு ஆட்டத்தில் முப்பது தடவை மாற்றுகிறவர். வீடியோ கிடையாது. முப்பத்தோரு ஆட்டத்துக்கும் ஒரே சாட்சி இவள்தான், அந்தச் சாட்சி தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

சும்மா எண்ணை மட்டும் மாற்றிவிடலாமா என்றும் பார்த்தாள். முடியாது, போன வாரமே வரைவு மேடத்தின் கைக்குப் போய்விட்டது, மைனஸ் இரண்டு என்பதற்குப் பக்கத்தில் அவர் பென்சிலால் வட்டமே போட்டுவிட்டார். மாற்றினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் நோட்டின் மரியாதை போய்விடும், ஒரு இடத்தில் இட்டுக்கட்டியவள் மற்ற இடத்தில் கட்டியிருக்க மாட்டாள் என்று யார் நம்புவார்கள்? அடுத்த ஜூனில் காலரியின் மேல் படியில் அவளுக்கு வேலை இருக்காது. நாலரை மணிக்கு வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்ற வேண்டியதுதான். இதை நினைத்ததும் வந்த பயம் ஒரு பெண்ணின் படிப்பு போகப்போகிறதே என்பதற்காக வந்ததைவிடப் பெரிதாக இருந்தது, அது அவளுக்கே தெரிந்தது, சீ என்று இருந்தது. தன் மகளுக்கு யாரோ ஒருத்தி அங்கே ஷிஃப்ட் எழுதுகிறாள், இவளுக்குப் பிள்ளை இல்லை, எப்போதும் வேலைக்கு வருகிறவள், இந்த வருடமும் வருவாள் என்று முந்தின வருடத்தைப் பார்த்தே எழுதியிருப்பாள், அவள்மேல் இவளுக்கு ஆறு மாதமாகத் தீராத ஆத்திரம். அவளும் ஒரு கஷ்டத்தில் எழுதியிருப்பாளோ என்னவோ. கடைசி அரைமணி நேரத்துக்கான மணி அடித்தது, தாள்களைக் கட்ட நூல் கேட்டு நாலைந்து கைகள் உயர்ந்தன, கொடுத்துக்கொண்டே வந்தாள், யாருக்கு எத்தனை கொடுத்தோம் என்பது மனதில் பதியவில்லை.

ஐந்து மணிக்கு விடைத்தாள்களை வரிசையாக வாங்கினாள். ஜன்னலோரப் பெண் தன் பங்கைக் கட்டி எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். எல்லோரும் தபதபவென்று வெளியேறிக்கொண்டிருக்க, மோனிஷா பேனாவை மூடிப் பைக்குள் வைப்பதற்குள் அவள் பெஞ்சருகே போய் நின்றது சகாயராணியின் கால்கள்தான், அவளாகத் தீர்மானிக்கவில்லை.

“அக்டோபர்ல ஞாயித்துக்கிழமை ஒரு மேட்ச் நடந்துச்சே, நம்ம கிரவுண்டுல. மூணாவது குவார்ட்டர் முடியறப்ப நீ எங்க இருந்தே?”

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். உள்ளே இருந்திருக்கிறாள், அதுதான் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று சகாயராணி நினைத்தாள், நினைத்ததும் கேவலமாக ஒரு நிம்மதி வந்தது.

“நான் யார்ட்டயும் சொல்லல மேம்” என்றாள் மோனிஷா.

“என்னத்த?”

“நீங்க அழுததை. என்னை வெளிய எடுத்துட்டாங்க, வெளிய உக்கார்ற ஃபர்ஸ்ட் இயர்தான் அக்காங்களுக்குத் தண்ணி புடிச்சு வைக்கணும். ஆறு பாட்டில் எடுத்துட்டு வந்தேன். நீங்க தொட்டிக்கிட்ட நின்னு அழுதுட்டிருந்தீங்க. கிட்ட வரலாமா வேண்டாமான்னு தெரியாம நின்னேன், அப்புறம் அதுவரைக்கும் ரொம்பியிருந்த ரெண்டு பாட்டிலோட போய்ட்டேன் மேம். சத்தியமா யார்ட்டயும் சொல்லல.”

சகாயராணி போ என்று கையைக் காட்டினாள், அந்தப் பெண் போன பிறகும் காலி பெஞ்சுகளுக்கு நடுவில் விடைத்தாள் கட்டோடு நின்றாள். ஆறு மாதம். காலரியில் உட்கார்ந்து இவள் அந்தப் பெண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அந்தப் பெண் இதை வைத்துக்கொண்டுதான் கீழே ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்து ஒளித்து வைத்ததை ஒரு குழந்தை இவளுக்காக ஒளித்து வைத்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறி, அப்போது யாரோ அங்கே நின்றிருக்கிறார்கள் என்பது மறுபடியும் மறுபடியும் வந்து நெஞ்சை முட்டியது.

விடைத்தாள்களை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு விளையாட்டுத் துறை அறைக்குப் போனபோது ஐந்து இருபது. பி.டி. மேடம் கிளம்புகிற அவசரத்தில் ஷூ லேசைக் கட்டிக்கொண்டே கவருக்குக் கை நீட்டினார். அதைக் கொடுக்காமல், நோட்டில் நான்கு நிமிடம் பார்க்காமலே எழுதியது என்றும், அதை எடுத்தால் மோனிஷா ப்ளஸ் மூன்று என்றும், அவள் அப்போது வெளியே இருந்தாள் என்றும் சகாயராணி சொல்லி முடித்தாள். மேடம் நிமிர்ந்தார்.

“யார் சொன்னா? அவளா? எல்லாப் புள்ளையும் அப்படித்தான் மேடம் சொல்லும்.”

“அவ அதைச் சொல்ல வரல. நான் அழுததைப் பார்த்ததைச் சொன்னா. அந்த நாலு நிமிஷம் நான் தொட்டிக்குப் பின்னாடி நின்னு அழுதுட்டிருந்தேன். கிரவுண்டுக்குள்ள நின்னவளுக்கு அது தெரிஞ்சிருக்க முடியாது.”

அங்கயற்கண்ணி மேசை இழுப்பறையிலிருந்து வரைவை எடுத்து, பென்சில் வட்டத்தை ரப்பரால் அழித்தார், மைனஸ் இரண்டை அடித்தார், ப்ளஸ் மூன்று என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட அவளிடம் தள்ளினார். போட்டாள். காரணம் என்ற இடத்தில் ‘நான் பார்க்கவில்லை’ என்று எழுதினாள்.

“எதுக்கு அழுதீங்க?”

பி.டி. மேடம் எழுந்திருக்கவில்லை, ஒரு ஷூவின் லேஸ் இன்னும் கட்டாமலே கிடந்தது.

“கிறிஸ்மஸுக்கு என் பொண்ணு வரலன்னு சொன்னா.”

“இந்த வருஷமாவது வர்றாங்களா?”

வருவாள் என்றுதான், செரின் சொல்லாமலே, எதிர்வீட்டம்மாளிடம் சொல்லியிருந்தாள், துறையில் சொல்லியிருந்தாள், பங்குச் சாமியாரிடம்கூடச் சொல்லியிருந்தாள்.

“இல்ல மேடம்” என்றாள் சகாயராணி. “வர மாட்டா.”